உரைகல்லில் ஒரு பெயர்



2014ஆம் ஆண்டு நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப்பாடமாக வந்தது. அது முதல் ஆண்டுதோறும் நான் தவறாமல் கொடுத்து வரும் இடுபணி ஒன்றுண்டு. தாத்தா பாட்டி, தாய் தந்தை ஆகியோரின் பெயர், பிறந்த ஊர், தொழில் ஆகியவற்றை வீட்டில் கேட்டு எழுதி வர வேண்டும். எளிய பணிதான். ஆயினும் பிள்ளைகள் எழுதிக் கொண்டு வரும் தாள்களைப் படிக்கும்போது நமக்குத் தெரியாத பல செய்திகள் அவற்றில் கிடைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவி எழுதி வந்த தாளில், ‘அம்மாவின் தொழில்’ என்னும் இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் திருத்தக் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதே வாரம் அம்மாணவி என் கையைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இந்த வளையல் எங்கம்மா செஞ்சது” என்றாள். நான் அணிந்திருந்தது பட்டுநூல் சுற்றி, கல் பதித்த வளையல். தீபாவளிக்கு முன்பு கிள்ளானில் ஒரு கடையில் 18 வெள்ளி கொடுத்து வாங்கியது. அட்டையில் கடையின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. கடைக்காரர் எங்கிருந்தோ வரவழைத்த சரக்கு என்றே எண்ணியிருந்தேன். என் வகுப்பறையின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டிலிருந்து அது வந்தது என்று நான் எப்படி அறிவேன்?

“அப்படியானால் அம்மாவுக்குத் தொழில் இல்லை என்று ஏன் எழுதினாய்?” என்று கேட்டேன். “அம்மாதான் அப்படி எழுதச் சொன்னாங்க” என்றாள்.

இவ்விடைதான் இக்கட்டுரைக்குக் காரணம். கையால் அணிகலன் செய்பவர் ஒருவர். அதை விற்கும் கடை இன்னொன்று. வாங்குபவர் அறிவது கடையை மட்டுமே. இந்நிலை நேற்று இன்று வந்ததன்று. நம் மண்ணில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் என் குடும்பத்துக்கும் ஒரு சிறு பங்குண்டு. அதனையும் இங்கே சொல்லத்தான் போகிறேன்.

முதலில் பழைய கதை. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்தில் குளோங் தோம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள தொல்லியல் இடத்திற்குக் குவான் லுக் பட் என்று பெயர். ‘மணிக்குன்று’ என்பது அதன் பொருள். மழை பெய்து மண் கரையும்போதெல்லாம் கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் வெளிப்பட்டதால் அப்பெயர் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மணிகள் செய்யப்பட்ட, விற்கப்பட்ட துறைமுகப் பட்டினம் அது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் செய்யப்பட்ட அதே வகையான சிறு கண்ணாடி மணிகள் இங்கும் கிடைத்துள்ளன. நம் நாட்டில் கெடாவின் சுங்கை மாஸிலும், பேராவின் கோல செலின்சிங்கிலும் அவ்வகை மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கண்ணாடியை உருக்கி, உள்ளே துளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, பிறகு அதனைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கிச் செய்யும் முறை அது. கைத்திறனை நன்கு அறிந்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. அம்மணிகளைச் செய்த எவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. மண்ணில் விழுந்த மணி பேசாது அல்லவா!

ஆனால் அதே குவான் லுக் பட்டில் ஒரு கல் பேசுகிறது. உள்ளங்கையில் அடங்கக்கூடிய சிறிய கல். பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில், ‘பெரும்பதன் கல்’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா அதனைப் படித்து, பெரும்பத்தனுடைய கல் என்று பொருள் கூறினார். அக்கல் இன்று குளோங் தோமில் உள்ள பௌத்த ஆலயத்தின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பத்தன் என்றால் பொற்கொல்லன். இன்றும் நாம் நகை செய்பவரைப் ‘பத்தர்’ என்றுதானே அழைக்கிறோம்! கடல் கடந்து வந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர், தம்முடைய கருவியில் தம் பெயரைத் தாமே எழுதி வைத்தார். பிறர் எடுத்துச் சென்றுவிடக் கூடாதே என்னும் எண்ணத்தில் எழுதினாரோ என்னவோ. நம் பிள்ளைகள் அழிப்பானில் பெயர் எழுதி வைப்பதைப் போல! எக்காரணத்தால் எழுதினாலும், இத்தீபகற்பத்தில் தொழில் செய்த தமிழ்ப் பத்தர் ஒருவரை நமக்கு அறிமுகப்படுத்துவது அந்தக் கல்தான்.

பொன்னின் தரத்தைக் குறிக்கும் ‘மாற்று’ என்னும் சொல்லைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். கலப்பில்லாத தங்கத்தைப் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்கிறோம். மலாய் மொழியில் தூய தங்கத்திற்கு ‘எமாஸ் செபுலு முத்து’ என்பர். பத்து மாற்றுத் தங்கம் என்பது அதன் பொருள். அந்த ‘முத்து’ நம் ‘மாற்று’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்று பழைய மலாய் அகராதிகள் குறிக்கின்றன. பொன்னின் தரத்தைச் சுட்டிய அச்சொல் இன்று எல்லாப் பொருளின் தரத்தையும் சுட்டுகிறது. நாம் பள்ளிக்கூட அறிக்கைகளில் ‘முத்து பெண்டிடிக்கான்’, அதாவது கல்வித் தரம், என்று எழுதும்போதெல்லாம் பத்தரின் உரைகல்லிலிருந்து வந்த ஒரு சொல்லையே எழுதுகிறோம். ‘கெடாய்’ என்பதும் நம் கடைதான். விலையுயர்ந்த கல்லைக் குறிக்கும் ‘மணிக்கம்’ என்பதும் நம் மாணிக்கம்தான். ஆசிரியர்கள் மாணவர்களுக்கு இதனைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் முகத்தில் ஏற்படும் மாற்றத்தை நீங்களே காண்பீர்கள்.

எடைக்கும் அப்படியே. நம் பத்தர்கள் குந்துமணியையும் மஞ்சாடியையும் எடைக்கற்களாகப் பயன்படுத்தினர். மஞ்சாடிதான் இங்கே ‘சாகா’ மரத்தின் சிவப்பு விதை. மலாய்ப் பொற்கொல்லர் கணக்கில் 12 சாகா ஒரு மயம். 16 மயம் ஒரு புங்கால். நம் பள்ளித் திடலில் நிற்கும் சாகா மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் விதை ஒரு காலத்தில் தங்கத்தை நிறுத்த விதையாகும்.

மலாக்காவுக்குச் சுற்றுலா செல்லாத தமிழ்ப்பள்ளி இல்லை எனலாம். அங்கே ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் தெருவில் 1781ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயக மூர்த்தி ஆலயம் இருக்கிறது. சற்று நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல். அடுத்துச் செங் ஹூன் தெங் சீனர் ஆலயம். மூன்று சமயங்களின் வழிபாட்டிடங்கள் அருகருகே இருப்பதைக் காட்டி, ஒற்றுமையைப் பற்றி மாணவர்களுக்கு விளக்கிவிட்டு வந்துவிடுகிறோம். தெருவின் பெயரை யாரும் விளக்குவதில்லை. துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர். பொற்கொல்லர்கள் அமர்ந்து தொழில் செய்த தெரு அது. பக்கத்துத் தெருவுக்கு இரும்புக் கொல்லர்களின் பெயர். தொழிலின் பெயர் தெருவுக்கு நிலைத்தது. தொழில் செய்த ஆளின் பெயர் எங்கும் காணோம்.

நீரிணைச் சீனர்களாகிய பாபா நோன்யாக்களின் அணிகலன்களைப் பார்த்திருப்பீர்கள். கெபாயாவை முன்புறம் இணைத்துக் குத்தும் குரோசாங் மூன்று துண்டுகள் கொண்டது. பெரியது ஒன்றைத் தாய் என்பர், சிறியவை இரண்டும் பிள்ளைகள். பட்டை தீட்டிய சிறு வைரங்களைப் பொன்னில் பதித்துச் செய்வார்கள். இவற்றில் பலவற்றைச் செய்தவர்கள் சீனர்கள் மட்டுமல்லர். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பொற்கொல்லர்களும் செய்தார்கள். நோன்யா வீட்டுக்கே அழைக்கப்பட்டு, அங்கேயே அமர்ந்து, வீட்டு அம்மாவின் கண் முன்னாலேயே செய்து கொடுத்தவர்களும் உண்டு. சிங்கப்பூரின் பெரானாக்கான் அருங்காட்சியகத்தில் இந்நகைகளின் முன்பு நெடுநேரம் நின்றிருக்கிறேன். சில பொருள்களின் பின்புறம் கடையின் முத்திரை சீன எழுத்தில் அடிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றில் எதுவும் இருக்காது. இலங்கையின் காலியிலிருந்து வந்து, 1872இல் சிங்கப்பூரில் நகைக்கடை தொடங்கிய பி. பி. டி சில்வாவின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. கடைக்கு உரிமையாளரானதால் நிலைத்த பெயர் அது. அத்தகைய கடைகளின் பின்கட்டில் ஊதுகுழலோடு அமர்ந்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இனி என் தாத்தாவிடம் வருகிறேன்.

அம்மாவின் தந்தை அவர். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1930களின் தொடக்கத்தில், தம் பதினெட்டாம் வயதில் பினாங்கு வந்தார். தோட்டத்துக்கு வந்தவர் அல்லர். தொழில் கற்றுக்கொண்டு வந்த பத்தர். மார்க்கெட் ஸ்திரீட் பகுதியில் ஒரு கடையின் அஞ்சடியில் சிறு பட்டறை போட்டுக்கொள்ள இடம் கிடைத்தது. கும்மட்டி அடுப்பு, ஊதுகுழல், மூசை, சிறு சுத்தியல்கள், கம்பி இழுக்கும் கம்பச்சு, உரைகல், ஒரு தராசு. இவ்வளவே அவர் முதல்.

அக்காலத்தில் நகை வாங்குவது என்பது வேறு. நகை செய்வது என்பது வேறு. தோட்டத்துப் பாட்டாளிகள் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இங்கிலாந்துப் பவுன் காசு வாங்கிச் சேர்ப்பார்கள். ஒரு பவுன் காசின் எடை ஏறத்தாழ 8 கிராம், 22 காரட். செய்கூலியும் சேதாரமும் பேசி, அக்காசைப் பத்தரிடம் கொடுத்தால் அவர் அதையே உருக்கித் தோடோ சங்கிலியோ செய்து கொடுப்பார். உருக்கும்போது தங்கத்தின் சொந்தக்காரர் எதிரிலேயே அமர்ந்திருப்பார். நம்பிக்கை இல்லாமல் அன்று, அதுதான் முறை. பத்தரின் முகமும் குணமும் வாடிக்கையாளருக்குத் தெரியும். குழந்தைக்குக் காது குத்த வேண்டும் என்றால் தேடி வருவதும் அவரிடமே.

யாழ்ப்பாணத்தாரின் குடும்பங்களில் பொன்னுருக்கு என்னும் சடங்கு இன்றும் உண்டு. நல்ல நாளில், தாலிக்குரிய பொன்னைப் பத்தர் உற்றார் உறவினர் முன்னிலையில் உருக்குவார். அவருக்கு வெற்றிலை பாக்கும் தட்சணையும் வைத்து மரியாதை செய்வார்கள். அந்த ஒரு நாளேனும் பத்தர் அவையின் நடுவே அமர்ந்தார்.

1941 டிசம்பரில் பினாங்கின் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். அதன் பிறகு மூன்றரை ஆண்டுகள் தாத்தாவுக்குக் கிடைத்த வேலை, தாம் செய்த நகைகளைத் தாமே அழிப்பதுதான். வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டை நம்புவார் இல்லை. அரிசிக்கும் மருந்துக்கும் தங்கத்தையே கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து, கண்ணிக்கு இவ்வளவு அரிசி என்று மாற்றிய குடும்பங்களைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். தாத்தா அக்காலத்தைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

போருக்குப் பிறகு தொழிலின் அமைப்பே மாறியது. கண்ணாடிப் பெட்டிகளில் நகைகளை அடுக்கி வைத்த பெரிய கடைகள் வந்தன. திருமணத்துக்கு ஒரு வாரமே இருக்கும்போது யார் பத்தர் முன்னால் அமர்ந்து காத்திருப்பார்? கடைக்குச் சென்றால் பத்து வகைச் சங்கிலிகளைப் பார்த்து, பிடித்ததை அன்றே வாங்கி வரலாம். மக்களைக் குறை சொல்வதற்கில்லை. கடைக்காரரையும் முழுவதும் குறை சொல்ல மாட்டேன். தங்கத்தில் முதலைப் போட்டு, வாடகை கொடுத்து, திருடனுக்கும் விலை வீழ்ச்சிக்கும் அஞ்சி அமர்ந்திருப்பவர் அவர். ஆனால் அதற்குப் பின் தாத்தாவின் வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், கடைக்காரர் ஒருவர்தான்.

காலையில் கடையில் தங்கக் கட்டியை நிறுத்துக் கொடுப்பார்கள். நோட்டில் பற்று எழுதப்படும். வேலை முடிந்ததும் நகையை நிறுத்து வாங்குவார்கள், வரவு எழுதப்படும். அறுக்கும்போதும் அராவும்போதும் உருக்கும்போதும் குறையும் தங்கத்திற்கு இவ்வளவு என்று சேதாரம் கழிப்பார்கள். அந்த அளவைத் தீர்மானிப்பது கடை. அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் பத்தரின் கூலியில் பிடிப்பார்கள். எனவே பட்டறையைப் பெருக்கிய தூசியும், கை கழுவிய நீரும்கூட வீணாகக் கொட்டப்படுவதில்லை. அத்தனையும் சேர்த்து வைக்கப்பட்டு, அரித்து எடுக்கப்படும். பாட்டி தாத்தாவின் வேட்டியைத் தனியாக ஒரு வாளியில் துவைப்பார். அந்த நீரை மறுநாள் வரை தெளிய வைப்பார். இதைச் சொல்லும்போது அம்மா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

1950களின் இறுதியில் ஒருமுறை கணக்கில் அரைப் பவுன் குறைந்தது. தாத்தா நிறுத்துக் கொடுத்தது சரியாக இருந்தது என்கிறார். கடையின் தராசில் குறைவாக இருந்தது. கடையின் நோட்டில் எழுதியதே முடிவு. தாத்தாவிடம் நோட்டு இல்லை; நிறுத்தபோது சாட்சியும் இல்லை. மூன்று மாதங்கள் கூலியின்றி வேலை செய்து அதைத் தீர்த்தார். அந்த மூன்று மாதங்களில் அம்மாவின் அக்காள் பள்ளிக்குச் செல்வது நின்றது. மீண்டும் போகவே இல்லை. பெரியம்மாவுக்குக் கையெழுத்து மட்டுமே தெரியும். அந்த அரைப் பவுன் எங்கே போயிற்று என்பது கடைசி வரை தெரியவில்லை. அதன் பிறகு தாத்தா தாமே ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு நகையின் எடையையும் நாளையும் எழுதலானார். 1961 முதல் 1974 வரையிலான அந்நோட்டு இன்று என்னிடம் இருக்கிறது. ‘காசுமாலை 1’, ‘அட்டிகை 1’, ‘கல் தோடு 2 சோடி’ என்று வரிசையாக எழுதியிருக்கிறார். யாருக்காக என்னும் பத்தி அதில் இல்லை. யாருக்காகச் செய்தோம் என்பது அவருக்கே தெரியாதே!

ஊரிலிருந்த அவர் தம்பியும் பத்தர். 1963 ஜனவரியில் இந்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்த காலம். 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிதாக நகை செய்யக் கூடாது என்பது விதி. 22 காரட்டைத் தவிர வேறெதையும் நகையாகக் கருதாத நம் மக்கள் பட்டறைப் பக்கமே வரவில்லை. இந்தியாவெங்கும் பத்தர்கள் வேலையிழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1966இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆனால் 1968இல் தனிச் சட்டமாகவே வந்த கட்டுப்பாடு 1990 வரை நீடித்தது. தம்பி, தம்மை மலாயாவுக்கு அழைத்துக்கொள்ளும்படி தாத்தாவுக்குக் கடிதம் எழுதினார். 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்திற்குப் பிறகு கதவு ஏறத்தாழ மூடப்பட்டுவிட்டது. தாத்தா மாதம் இருபது வெள்ளி அனுப்பினார். தம்பி சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார், பட்டறைக்குத் திரும்பவில்லை.

1980களில் இயந்திரத்தில் வார்த்த நகைகள் பெருகின. சங்கிலியை இயந்திரம் பின்னியது. நகையின் உட்புறம் 916 என்னும் எண்ணைப் பார்த்து வாங்கும் பழக்கம் வந்தது. ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்று அதற்குப் பொருள். அதாவது 22 காரட். நல்ல பழக்கம்தான், உரைகல்லும் பத்தரின் கண்ணும் செய்த வேலையை அந்த எண் செய்கிறது. தமிழகத்து இதழ்களில் ‘கேடிஎம் நகைகள்’ என்று விளம்பரங்கள் வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். பழைய பொடி வைத்துப் பற்றவைத்தால் தங்கத்தின் மாற்றுக் குறையும் என்பதால், காட்மியம் கலந்து பற்றவைத்த நகைகள் அவை. வாங்குபவருக்கு ஆதாயம். ஆனால் காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அப்புகையைச் சுவாசித்தவர் பத்தர். விளம்பரத்தில் இந்தச் செய்தி மட்டும் இடம்பெறவில்லை.

தாத்தா 1991இல் காலமானார். அவர் பிள்ளைகளில் ஒருவரையும் இத்தொழிலுக்கு அவர் விடவில்லை. “குனிஞ்சது என்னோட போகட்டும்” என்பாராம். அவர் ஒருவர் மட்டுமல்லர். நம் நாட்டுப் பத்தர்களில் பலரும் அப்படியே எண்ணியிருக்க வேண்டும். முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகைப்பட்டறை ஆகிய மூன்று இந்தியர் தொழில்களுக்கும் 2009 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பது நிறுத்தப்பட்டிருந்தது. 2023இல் அரசாங்கம் மூன்று துறைகளுக்குமாக 7,500 பேர் வரை அனுமதிக்க இணங்கியது. முதலாளிகள் பல ஆண்டுகள் கேட்டுப் போராடிப் பெற்ற அனுமதி அது. செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை. இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் ஊதுகுழல் பிடிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

வளையல் செய்யும் தாயாரைப் பற்றித் தொடங்கிவிட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். பெற்றோர் சந்திப்பு நாளன்று அவரிடம் பேசினேன். ஒரு சோடி வளையலுக்கு நூலும் கல்லும் பசையும் 4 வெள்ளி ஆகின்றன. இரவில் பிள்ளைகள் உறங்கிய பிறகு செய்கிறார். கடையில் வைத்துவிட்டு வருவார். விற்றால் பணம், விற்காவிட்டால் தீபாவளி முடிந்ததும் திரும்ப எடுத்து வர வேண்டும். 18 வெள்ளிக்கு விற்கும் வளையலுக்கு அவருக்குக் கிடைப்பது 10 வெள்ளி. எத்தனை விற்றது என்பதைக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வார்.

“எத்தனை கொடுத்தீங்கன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர், நம்பிக்கைதான்.”

தாத்தாவின் நோட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். அட்டையின் பின்புறம் சிறியதாகத் தம் பெயரை எழுதலாமே என்றும் சொன்னேன். அதை ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டாராம். “பேரு போட்டா, அடுத்த தடவை நேரா உங்க வீட்டுக்கே வந்துடுவாங்களே, அப்புறம் நான் எதுக்கு?” என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாராம். அவர் சொன்னதில் கணக்குப் பிழை ஒன்றுமில்லை. அந்த அச்சம்தான் பத்தரின் முகத்தை வாங்குபவருக்குக் காட்டாமல் வைத்திருந்தது என்று எனக்கு அப்போது தோன்றியது. ஆனால் கடை இல்லாவிட்டால் கோப்பெங்கிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் வருபவர் அவ்வளையலைப் பார்த்திருக்கவும் மாட்டார். நானே பார்த்திருக்க மாட்டேனே.

மறுவாரம் அவர் 40 சென்னுக்கு ஒரு சிறு நோட்டு வாங்கியதாக மகள் வந்து சொன்னாள். பெயர் அச்சிடும் பேச்சை மட்டும் அவர் மீண்டும் எடுக்கவில்லை. கடைக்காரர் மனம் கோணினால் தீபாவளி வியாபாரமே போய்விடும் என்பது அவர் அச்சம். நானும் வற்புறுத்தவில்லை. வளையலின் உட்புறம், நூல் முடியும் இடத்தில், வேறு நிறத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவதாக இவ்வாண்டு சொன்னார். வாங்குபவர் கண்ணுக்கு அது படாது. கடையில் எத்தனை இன்னும் தொங்குகின்றன என்று தூரத்தில் நின்றே எண்ணிவிட அவருக்கு அது உதவுகிறதாம்.

அந்த மாணவியின் இடுபணித் தாளை நான் திரும்ப வாங்கினேன். ‘இல்லை’ என்பதை அவளே அழித்துவிட்டு, ‘வளையல் செய்பவர்’ என்று எழுதினாள். ஒரு துண்டுப் பட்டுநூலையும் பக்கத்தில் ஒட்டியிருந்தாள்.

அவ்வாண்டு முதல் குடும்ப வரலாற்றுப் பாடத்தின்போது தாத்தாவின் உரைகல்லை வகுப்புக்குக் கொண்டு செல்கிறேன். கருமையான, வழவழப்பான கல். ஒரு ஓரத்தில் மெல்லிய பொன் கீற்றுகள் இன்னும் இருக்கின்றன. அதில் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை, நானும் பொறிக்கவில்லை. கல்லைக் கையில் வாங்கியதும் பிள்ளைகள் அனைவரும் எதையாவது அதில் உரைத்துப் பார்க்கவே விரும்புகிறார்கள். கடந்த முறை ஒரு மாணவன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நிற 20 சென் நாணயத்தை எடுத்து, ஓங்கி ஒரு கோடு இழுத்துவிட்டு, “டீச்சர், இது எத்தனை மாற்று?” என்று கேட்டான்.